9,500 ரூபாய் ஐ7-ஆ, 13,500 ரூபாய் ஐ5-ஆ?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் இருந்து எழுதுகிறேன். வீட்டோடு அப்பளத் தொழில். டேலி கணக்கும் ஜிஎஸ்டியும் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். மகள் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ், பைத்தான் போட்டுப் பார்க்க அவளுக்கும் அதுதான். ராத்திரியில் அத்தை அதையே டிவியில் மாட்டி யூடியூபில் கதாகாலட்சேபம் கேட்பார்கள். வீட்டில் இடம் குறைவு. அதனால் சின்ன டப்பா மாதிரி வரும் ரீஃபர்பிஷ்ட் (பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்கும்) மினி பிசி வாங்கலாம் என்று திருநெல்வேலியில் இரண்டு கடை ஏறினோம். ஒருவர் ஐ7, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 9,500 ரூபாய் என்றார். இன்னொருவர் ஐ5, 8 ஜிபி, 256 ஜிபி, 13,500 என்றார். ஐ7 குறைந்த விலைக்கு வரும்போது என்ன யோசனை என்று இவர் கேட்கிறார். எனக்கு அந்தக் குறைந்த விலையைப் பார்த்துத்தான் பயமாக இருக்கிறது. இரண்டு கடையிலும் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். தம்பி கொடுத்த பழைய 19 இன்ச் மானிட்டர் ஒன்று இருக்கிறது, இன்வெர்ட்டரும் இருக்கிறது. கையில் 15,000தான்.

பதில்: தங்கச்சி, நீங்கள் பயந்தது சரிதான். 13,500 ரூபாய் ஐ5-ஐ வாங்குங்கள். ஆனால் அதையும் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்காமல் பணத்தை எடுத்து வைக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், அதை வீட்டில் இவரிடமும் காட்டுங்கள்.

துண்டுச் சீட்டை அனுப்பினீர்களே, அதுதான் பெரிய உதவி. முதல் சீட்டில் பிராசஸரின், அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சில்லின், பெயர் ஐ7-4785டி என்று இருக்கிறது. இரண்டாவதில் ஐ5-8500டி. முக்கால்வாசிப் பேர் இதில் ஐ7, ஐ5 என்ற எழுத்தோடு நின்றுவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் வரும் எண்ணை. கடைசி மூன்று இலக்கத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் நிற்பதுதான் தலைமுறை, கடைக்காரர் பாஷையில் ‘ஜென்’. 4785-இல் மிஞ்சுவது 4. 8500-இல் 8. நாளைக்கு யாராவது 10500 என்று காட்டினால் அது 10. முன்னது 2014-இல் வந்த சில்லு, பின்னது 2018-இல் வந்தது. ஐ7 என்பது அந்தந்த வருஷத்து வகுப்பில் முதல் ரேங்க், அவ்வளவுதான். 2014 வகுப்பின் முதல் ரேங்க்காரரை 2018 வகுப்பின் நடு பெஞ்சுப் பையன் தாண்டிப் போய்விட்டான். அந்த ஐ7-இல் 4 கோர், இந்த ஐ5-இல் 6 கோர். கோர் என்றால் சில்லுக்குள் வேலை செய்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைக்கூட விடுங்கள். டேலிக்கும் பைத்தானுக்கும் அந்த ஐ7 தாராளமாகப் போதும். பிரச்சினை விண்டோஸில். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல் 8-ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். 4-ஆம் தலைமுறையில் அது நடக்காது. “அதெல்லாம் நான் 11 போட்டுத் தருகிறேன்” என்று கடைக்காரர் சொல்வார். போடவும் முடியும், பூட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிற வழிகள் இருக்கின்றன. ஆனால் அப்படி ஏற்றிய இயந்திரத்துக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. ஜிஎஸ்டி தளத்துக்கும் பேங்குக்கும் பாஸ்வேர்டு அடிக்கிற கம்ப்யூட்டர் இது. அதில் போய் விஷப்பரீட்சை எதற்கு?

இங்கே இன்னொரு பள்ளமும் உண்டு. “எட்டு இல்லை, ஏழு இருக்கிறது, இரண்டாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். ஐ5-7500டி, பார்க்க அப்படியே தம்பி மாதிரி இருக்கும். ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். விண்டோஸ் 11-இன் கோடு சரியாக அந்த இடத்தில்தான் விழுகிறது. ஏழு வேண்டாம்.

அத்தையின் கதாகாலட்சேபத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. யூடியூப் அனுப்புகிற விபி9 என்ற வீடியோ வகையைப் பிரித்துக் காட்டத் தனிச் சுற்று ஒன்று 8-ஆம் தலைமுறைச் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. பழைய ஐ7-இல் அந்த வேலையை மொத்தமாகச் செய்கிற சுற்று கிடையாது, பெரும்பகுதியைப் பிராசஸரே மூச்சு வாங்கச் செய்யும். படம் என்னவோ ஓடும். பக்கத்தில் ஃபேன் சத்தமும் சேர்ந்து ஓடும்.

அப்புறம் அந்த 16 ஜிபி. அது டிடிஆர்3 ராம். நாளை இயந்திரம் மாற்றினால் அதைக் கழற்றிப் புதியதில் போட முடியாது. 8500டி-யில் இருப்பது டிடிஆர்4, அதுவும் லேப்டாப்பில் போடுகிற சின்ன வகை. உங்கள் வீட்டு வேலைக்கு 8 ஜிபி போதும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: 8 ஜிபி ஒரே குச்சியாக இருக்கிறதா, இரண்டு 4 ஜிபியா? ஒரே குச்சியாக இருந்தால் இன்னொரு இடம் காலியாக இருக்கும், மகள் காலேஜ் போகும்போது இன்னொரு 8 சேர்த்துக்கொள்ளலாம். 256 ஜிபி எஸ்எஸ்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், டேலி டேட்டா அதில் ஒரு மூலைக்குக் காணாது.

எண்ணுக்குப் பின்னால் வருகிற ‘டி’யைக் கவனித்தீர்களா? அது 35 வாட் வகை என்பதற்கான அடையாளம். டி இல்லாத 65 வாட் வகையும் சில மினி பிசிகளில் வரும். நம் ஊர் சித்திரை வெயிலில், கைப்பிடி அளவு ஃபேனை வைத்துக்கொண்டு, டி இல்லாததை நான் என் வீட்டுக்கு வாங்க மாட்டேன்.

சரி, இனி அந்த அரை மணி நேரம்.

இந்தப் பெட்டிகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவா திங்க்சென்டர் டைனி, இந்த மூன்று ஜாதிதான் பெரும்பாலும் சந்தைக்கு வருகிறது. மூன்றுமே கம்பெனிகளுக்கென்று செய்தவை. சென்னை, பெங்களூர் ஆபீஸ்களில் சில வருஷம் ஓடி, குத்தகை முடிந்து மொத்தமாகக் கைமாறி வருபவை. நல்ல கட்டுமானம். ஏசி அறையில் இருந்ததால் உள்ளே அவ்வளவு அழுக்கும் இருக்காது. மூன்றில் எது உசத்தி என்று கேட்காதீர்கள். நல்ல நிலையில் கையில் கிடைப்பது உசத்தி.

ஆனால் எல்லாப் பெட்டியும் ஏசி அறையில் இருந்து நேராக வருவதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தை நம் ஆட்கள் யாரும் மறக்கவில்லை. ஜங்ஷன் பக்கம் எத்தனை கடையில், எத்தனை ஆபீஸில் தரைத்தளம் முழுகியது! அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒருவர் என் பெஞ்சுக்கு ஒரு மினி பிசி கொண்டுவந்தார். மலிவாக வாங்கியது, மூன்று வாரம் நன்றாக ஓடியிருக்கிறது, பிறகு பின்பக்க யூஎஸ்பி ஒவ்வொன்றாகச் செத்திருக்கிறது. வெளியே பளபளவென்று துடைத்து, புது ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தார்கள். மூடியைக் கழற்றினேன். ஃபேனுக்குக் கீழே, துடைக்கிற துணி எட்டாத இடத்தில், நூல் பிடித்தது போல ஒரு வண்டல் கோடு. பிஸ்கட் நிறம். தாமிரபரணி அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. கடிகார பேட்டரி உட்காரும் தகட்டில் பச்சைக் களிம்பு. மதர்போர்டின் மேல் ஒட்டியிருந்த சின்னக் காகிதத்தில் மை கரைந்து எழுத்து படிக்க முடியவில்லை. அந்தப் பெட்டிக்கு நான் செய்ய ஒன்றுமில்லை, எஸ்எஸ்டியையும் ராமையும் மட்டும் கழற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

அதனால் கடையில் முதல் வேலை, மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்வது. ஒரு திருகுதான், அரை நிமிஷம் ஆகாது. மொபைல் டார்ச்சை அடித்து மூன்று இடம் பாருங்கள்: திருகுத் தலைகள், கடிகார பேட்டரி உட்காரும் இடம், பின்பக்க போர்ட்டுகளின் உலோக விளிம்பு. துரு, பச்சைக் களிம்பு, கரைந்த மை, எது கண்ணில் பட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். கடற்கரை ஊர்களில் ஓடிய பெட்டியிலும் உப்புக்காற்றால் இதே துரு இருக்கும், அதற்கும் இதே தீர்ப்புதான். தூசி இருந்தால் பரவாயில்லை, ப்ளோயரில் போய்விடும்.

அடுத்தது பூட்டு. கம்பெனி இயந்திரம் என்பதால் கம்பெனிக்காரன் போட்ட பாஸ்வேர்டு உள்ளே இருக்கலாம். ஆன் செய்யும்போது டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவா என்றால் எஃப்1 தட்டினால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வருகிற அடிப்படை அமைப்புத் திரை, திறக்கும். பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். “பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும்” என்பது பழைய காலத்து வைத்தியம், எல்லா மாடலிலும் பலிக்காது. இன்னொரு பூட்டு விண்டோஸுக்குள் வரும். இன்டர்நெட்டோடு புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது முன்பின் தெரியாத கம்பெனியின் பெயர் போட்டு, அதன் மெயில் ஐடி கேட்கும். பழைய முதலாளி தன் பட்டியலில் இருந்து இந்த இயந்திரத்தை இன்னும் எடுக்கவில்லை என்று அர்த்தம். அவர் எடுக்காமல் நீங்களும் நானும் ஒன்றும் செய்ய முடியாது.

விண்டோஸ் உரிமம் அசலா என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம் போய், ஆக்டிவேஷன் என்பதைத் திறங்கள். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று இருந்தால் நல்லது. ‘ஆர்கனைசேஷனின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம்’ என்ற தொனியில் ஏதாவது எழுதியிருந்தால், உங்கள் அப்பளக் கம்பெனிக்கு அப்படி ஒரு சர்வீஸ் கிடையாதே, அப்படியானால் அது ஏதோ கள்ளச்சாவி. வேடிக்கை என்னவென்றால் கள்ளச்சாவிக்கு அவசியமே இல்லை. இந்த 8-ஆம் தலைமுறை ஆபீஸ் இயந்திரங்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 10 புரோ உரிமத்தோடு பிறந்தவை, சாவி பயாஸுக்குள்ளேயே பதிந்திருக்கும். சுத்தமாக விண்டோஸ் 11 புரோவை ஏற்றினால் அந்தச் சாவியே தானாக வேலை செய்யும். கடைக்காரருக்குச் சோம்பல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பென்டிரைவைச் செருகிவிடுகிறார். சுத்தமாக ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அடாப்டரைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. மினி பிசிக்குள் பவர் சப்ளை கிடையாது, லேப்டாப் மாதிரி வெளியே ஒரு செங்கல் வரும், பெரும்பாலும் 65 வாட். ரீஃபர்பிஷ்ட் சந்தையில் பெட்டி அசலாகவும் அடாப்டர் டூப்ளிகேட்டாகவும் ஜோடி சேருவது சகஜம். டெல் இயந்திரம் தன் அடாப்டர்தானா என்று கேட்டுப் பார்க்கும். பதில் வரவில்லை என்றால் கோபித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு. பிராசஸர் பெயர் அங்கே முழுசாக இருக்கும், சீட்டில் எழுதிக் கொடுத்ததோடு ஒத்துப் பாருங்கள். பிறகு யூடியூபை ஓட விட்டு வேகம் காட்டும் எண்ணைக் கவனியுங்கள். 2, 3 என்று ஏறி இறங்கினால் சரி. என்ன செய்தாலும் 0.8 பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அடாப்டரை மாற்றச் சொல்லுங்கள். அதே திரையில் மெமரி என்பதைத் தட்டினால் ராம் எத்தனை இடத்தில் செருகியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

அந்த யூடியூப் இருபது நிமிஷம் ஓடட்டும். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் எடுத்து வரச் சொல்லுங்கள். எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டிவிடும். 90-க்கு மேல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், 70-க்குக் கீழே என்றால் மாற்றித் தரச் சொல்லிப் பேரம் பேசலாம். இது என் கணக்கு, வேறு ஆட்கள் வேறு மாதிரி சொல்லலாம். ஃபேன் சீராக இரைவது பிரச்சினை இல்லை. கரகரவென்று தட்டுகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள்.

வைஃபை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஆபீஸில் எல்லாம் கேபிள்தான், அதனால் பல பெட்டிகள் வைஃபை கார்டே இல்லாமல் வரும். இல்லையென்றால் ஒரு யூஎஸ்பி டாங்கிள் போதும், உங்கள் 15,000-க்குள் அடங்கும்.

பில்லில் சீரியல் நம்பர் எழுதி, வாரன்டி எத்தனை மாதம் என்பதையும் எழுதி வாங்குங்கள். ‘டெஸ்டிங் வாரன்டி ஏழு நாள்’ என்று வாயால் சொல்வதெல்லாம் எட்டாவது நாள் காற்றோடு போய்விடும். ஆறு மாதமாவது எழுத்தில் தராத கடையில் 13,500 கொடுக்காதீர்கள்.

என்100 சில்லு போட்ட புது மினி பிசி ஆன்லைனில் இதே விலைக்கு வருகிறதே என்று மகள் கேட்கக்கூடும். மோசமில்லை, மின்சாரமும் குறைவு. ஆனால் பெயர் தெரியாத பிராண்டில் வாங்கிவிட்டு, பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவீர்கள்? டெல், எச்பி, லெனோவாவின் பழைய பாகம் பாளையங்கோட்டையில் கிடைக்காவிட்டாலும் மதுரையில் கிடைத்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு எதிரிதான் உங்களுக்கு, உளுந்து மாவு. கல்லிடைக்குறிச்சி அப்பள வீடு ஒன்றில் இருந்து வந்த சிஸ்டத்தைப் பல வருஷத்துக்கு முன்னால் திறந்திருக்கிறேன். ஃபேன் இறக்கைக்கும் வெப்பத் தகட்டுக்கும் நடுவே கோலமாவு அப்பியது போல வெள்ளையாக ஒரு பாளம், ஆற்றங்கரை ஈரத்தில் ஊறிக் காய்ந்து கெட்டியாகிவிட்டது. ப்ளோயருக்கு அசையவில்லை, பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்தோம். மாவு பிசைகிற, இடுகிற அறையில் இந்தப் பெட்டியை வைக்கவே வேண்டாம். கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், தரையில் இருந்து ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்கு மேலே, நாலு பக்கமும் காற்றுப் போகிற மாதிரி. கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வேண்டாம், துணி போட்டு மூடவும் வேண்டாம். மினி பிசி கதகதப்பாக இருக்கும், எறும்பும் பல்லியும் குடியேறப் பார்க்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து ஊதிவிடுங்கள், மகளே செய்துவிடுவாள்.

இன்வெர்ட்டர் இருப்பது நல்லது, ஆனால் அதன் பின்பக்கத்தில் அல்லது முன்பக்கத்தில் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். மினி பிசியில் லேப்டாப் மாதிரி பேட்டரி கிடையாது. நார்மலில் இருந்தால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கிற கண் சிமிட்டும் நேரத்தில் பெட்டி அணைந்து டேலியில் அடித்துக்கொண்டிருந்த வவுச்சர் போய்விடலாம். யூபிஎஸ்ஸில் வைத்தால் அந்த இடைவெளி குறைவு. அதில் ஒரு சிக்கல், சாயங்காலம் உங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்குமானால் யூபிஎஸ் நிலையில் இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குத் தாவும். ஒரு வாரம் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், சராசரி 20 வாட் என்று வைத்தாலும் மினி பிசிக்கு இரண்டு மாதத்துக்கு 7 யூனிட் சொச்சம்தான் ஆகும், மானிட்டர் தனி.

கடைசியாக அந்தத் தம்பி மானிட்டர். பழைய 19 இன்ச் என்றால் நீலத் தலை வைத்த விஜிஏ ஒயர்தான் இருக்கும். இந்த மினி பிசிகளின் பின்னால் பெரும்பாலும் டிஸ்பிளேபோர்ட்தான், சிலவற்றில் கூடவே எச்டிஎம்ஐயும் இருக்கும். ஒரு மூலை வெட்டிய மாதிரி இருப்பது டிஸ்பிளேபோர்ட், இரண்டு பக்கமும் சரிந்து இருப்பது எச்டிஎம்ஐ. வாங்குகிற பெட்டியின் பின்பக்கத்தை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு, அதைக் காட்டி, மானிட்டருக்கு அதில் இருந்து விஜிஏ போகிற கன்வெர்ட்டர் கேளுங்கள், சில நூறு ரூபாய்தான். அத்தையின் டிவிக்குத் தனியாக ஒரு எச்டிஎம்ஐ கேபிள். பெட்டியில் டிஸ்பிளேபோர்ட் மட்டும் இருந்தால் அதில் இருந்து எச்டிஎம்ஐக்குப் போகிற கேபிளாக வாங்குங்கள். எச்டிஎம்ஐயில் இருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போகிற கேபிளும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், அதைத் திருப்பிச் செருகினால் படம் வராது. எது எந்தப் பக்கம் என்று கேட்டு, கடையிலேயே ஒரு தரம் செருகிப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.